படத்தில் நோ தெரியுமா?

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில், 1993ஆம் ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் மூவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி வெளிநாட்டு வைத்தியசாலையொன்றில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குபவள். ஒருத்தி கொழும்பில் இயன்மருத்துவர். மற்றவள் இரசாயனவியல் படிப்பிக்கிறாள். வாசிப்பது ஒருத்திதான் என்றாலும் பிழை இருந்தால் மூவருக்கும் பங்குண்டு. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குவளை உடைந்தபோதும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம்.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இரசாயனப் பொருட்கள் வருவதில்லை. பாசிச்சாயத்தாள் முடிந்துபோனது, பினோத்தலின் போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்ததைப் பரீட்சைக்கென்று ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருநாள் எங்கள் இரசாயனவியல் ரீச்சர், மதிலோரத்துச் செவ்வரத்தம் பூக்களைப் பிடுங்கி வரச்சொன்னார். இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தோம். தேசிக்காய்ப் புளி விட்டதும் சாறு கடும் சிவப்பானது. சவர்க்காரத் தண்ணீர் விட்டதும் பச்சையானது. “அமிலத்தைக் கண்ணால காணேலாது பிள்ளையள். அது தொட்ட இன்னொண்டைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கோணும்” என்றார் ரீச்சர். அந்த வாசகம் இன்றைய உரைக்கு மிகவும் வேண்டியது. அதனால்தான் பழைய கதையை இவ்வளவு நேரம் சொன்னோம்.

ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய அனுமதியுடன்தான் மிகுதியைச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு நாங்கள் இருவர் ரீச்சரைப் பார்க்கப் போனோம். நாற்பது வருடம் நின்று படிப்பித்த கால்கள். வலது முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. படியிறங்குவது கஷ்டம், கோயிலில் நிலத்தில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும், இரவில் திரும்பிப் படுத்தால் நோ எழுப்பிவிடும். மேசையில் ஒரு பெரிய உறை இருந்தது. உள்ளே எக்ஸ்-கதிர்ப் படமும் எம்.ஆர்.ஐ. படங்களும். பார்த்த வைத்தியர் ஒருவர், “வயசுக்கேற்ற தேய்வுதான், பெரிசா ஒண்டுமில்லை” என்று அனுப்பிவிட்டாராம். ரீச்சர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “எலும்பு தெரியுது, சவ்வு தெரியுது, தண்ணி சேர்ந்ததும் தெரியுது எண்டு சொல்லினம். நோ எங்கை தெரியுது? நான் பொய்யே சொல்லுறன்?”

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை செய்யும் எங்கள் தோழிக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. படம் நன்றாக வந்தது என்று சொன்னதும் அழுத பெண்களை அவள் கண்டிருக்கிறாள். நல்ல செய்திக்கு ஏன் அழுகிறார்கள் என்று முதலில் விளங்கவில்லையாம். ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போனால் நோவை நம்ப ஆளில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நோயைவிட, நம்பப்படாமல் இருப்பது பல பெண்களை முடக்குகிறது. இது எங்கள் மூவருடைய கருத்து; அளந்து பார்த்த முடிவல்ல.

அளந்து பார்த்த ஒன்றையும் சொல்கிறோம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதைக் கடந்த 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்-கதிரில் மூட்டுத் தேய்வு தெரியாதவர்களை மட்டுமே தெரிந்தெடுத்திருந்தார்கள். அவர்களில் 89 வீதமானோருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோவொரு குறை தெரிந்தது. நோ உள்ளவர்களிலும் தெரிந்தது. நோ இல்லாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவில் தெரிந்தது. அதாவது படத்தில் குறை இருப்பவருக்கெல்லாம் நோ இல்லை. படத்தில் அதிகம் தெரியாதவருக்கு நோ இருக்கலாம். ஆகவே ரீச்சரின் கேள்வி ஒரு நல்ல விஞ்ஞானக் கேள்வி. வழமையான படம் காட்டுவது மூட்டின் வடிவத்தை. நோவுக்கு வடிவம் மட்டும் காரணமல்லவே.

வேறென்ன காரணம்? பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அமிலத்தன்மையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

எலும்பின் முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான கசியிழையத்தில் குருதிக் கலன்கள் இல்லை. அங்குள்ள கலங்களுக்கு ஒட்சிசன் மிகக் குறைவு. அவை பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறுகின்றன. மிஞ்சுவது இலக்ரிக் அமிலம். வேகமாக ஓடும்போது எங்கள் தசைகளில் உண்டாகும் அதே பொருள்தான். ஆரோக்கியமான மூட்டில் இந்த அமிலம் மெல்ல மெல்ல வெளியே பரவிப் போய்விடும். மூட்டின் உட்சவ்வு அழற்சியுற்றால் நிலைமை மாறுகிறது. சவ்வு தடிக்கிறது, அங்கே கலங்கள் நெரிசலாகின்றன, ஒட்சிசன் போதாமல் போகிறது, அமிலம் கூடுகிறது. மூட்டுக்குள் இருக்கும் பாய்பொருளின் பீ.எச். பெறுமானம் வழமையில் 7.4 அளவில் இருக்கும். றுமற்றொயிட் மூட்டுவாதம் போன்ற கடும் அழற்சியில் அது 7க்குக் கீழேயும் இறங்குவதை, ஊசியால் பாய்பொருளை எடுத்து அளந்தவர்கள் 1970களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

7.4இலிருந்து 6.8 என்றால் சிறிய இறக்கம்போலத் தெரியும். மடக்கை அட்டவணையை மறக்காதவர்களுக்கு உண்மை தெரியும்: ஐதரசன் அயன்களின் செறிவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. (இந்த அளவுத்திட்டத்தை 1909இல் தந்தவர் சோரன்சன் என்ற டென்மார்க் நாட்டவர். அவர் வேலை செய்தது கோப்பன்ஹேகனில் ஒரு பியர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். இதைப் படிப்பிக்கும்போது ரீச்சர் அந்தப் பகுதியை எங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.)

அந்த நான்கு மடங்கு அமிலம் சும்மா இருப்பதில்லை. கசியிழையத்தின் நாரை வெட்டும் சில நொதியங்கள் அமிலச் சூழலில்தான் உற்சாகமாக வேலை செய்கின்றன. நோவை உணரும் நரம்பு முனைகளில் அமிலம் பட்டால் திறக்கும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. 1997இல் பிரான்சில் இவற்றில் முதலாவதை இனங்கண்டார்கள். வாயில் திறந்தால் நரம்பு செய்தி அனுப்பும். நாங்கள் “நோகுது” என்கிறோம். ஆக, உடைவு அதிகம் இல்லாத மூட்டும் அமிலத்தால் நோகக்கூடும்.

முதுகிலும் இதே கதை. முள்ளென்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க் எனப்படும் தட்டும் குருதிக் கலன் இல்லாத இடம். சுவீடனைச் சேர்ந்த நாகெம்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சையின்போது தட்டுக்குள் நேரடியாக அளவுகோலைச் செலுத்திப் பீ.எச். பார்த்திருக்கிறார். சிலருடைய தட்டுகள் மற்றவர்களுடையவற்றைவிட மிகவும் அமிலத்தன்மையாக இருந்தன. நல்ல தகவல்தான். ஆனால் அமிலத்தை அளப்பதற்காக ஒருவருடைய முதுகைத் திறக்க முடியாது. நோகும் முழங்காலில் மாதாமாதம் ஊசி குத்தவும் முடியாது. வெளியே இருந்து அளக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. வருகிறது. 1973இல் லோட்டர்பர் என்பவர் இந்த முறையில் முதற் படத்தை வெளியிட்டார். அவரும் மான்ஸ்பீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றார்கள். எங்கள் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரில் ஐதரசன். ஐதரசனின் கருவான புரோத்தன் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். வைத்தியசாலைகளில் பெரும்பாலும் 1.5 தெஸ்லா, 3 தெஸ்லா இயந்திரங்கள் இருக்கின்றன. பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல பத்தாயிரம் மடங்கு வலிமை. 3 தெஸ்லாவில் புரோத்தன்கள் செக்கனுக்கு 12.8 கோடித் தடவை சுழலும். அதே மீடிறனில் வானொலி அலையை அனுப்பினால் அவை அசைந்து பதில் தரும். அந்தப் பதில்தான் படமாகிறது. எங்கள் எப்.எம். வானொலி நிலையங்களின் எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் மீடிறன் இது. படம் எடுக்கும் அறைக்குச் செப்புக் கவசம் போடுவது அதற்காகத்தான்.

ஆனால் அமிலத்தன்மையைத் தரும் ஐதரசன் அயன்கள் மிக மிகச் சொற்பம். நீர்ப் புரோத்தன்களின் இரைச்சலில் அவை நேரடியாகக் கேட்காது. ரீச்சர் சொன்னதுபோல, அமிலம் தொட்ட இன்னொன்றைப் பார்க்கவேண்டும்.

காலைப் பிரார்த்தனையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் நிறைந்த மாணவிகள் பாடுகிறார்கள். அதுதான் நீர். ஒரு மூலையில் பத்துப் பேர் சற்று வேறு சுருதியில் பாடுகிறார்கள். அவர்கள் வேறொரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் புரோத்தன்கள். அவர்கள் குரல் தனியே கேட்பதில்லை. இப்போது அந்தச் சுருதியில் பாடுபவர்களை மட்டும் ரீச்சர் வாயை மூடச்சொல்கிறார். பத்துப் பேர் அடங்கியதால் மண்டபத்தின் சத்தம் குறைந்தது தெரியாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பார்களா? மூலையில் நின்றவர்கள் கூட்டத்துக்குள் நழுவுகிறார்கள். போன இடத்திலும் கொஞ்ச நேரம் வாய் திறப்பதில்லை. கூட்டத்திலிருந்து வேறு பத்துப் பேர் மூலைக்கு வருகிறார்கள், அவர்களும் அடக்கப்படுகிறார்கள். செக்கனுக்குப் பல நூறு தடவை இப்படி நடந்தால் மண்டபத்தின் சத்தமே கேட்கத்தக்க அளவு குறையும். அந்தக் குறைவை அளந்தால், இடமாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறதென்று கணிக்கலாம்.

வார்ட், அலெட்ராஸ், பாலபன் ஆகியோர் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்த உத்தியை விபரித்தார்கள். புரோத்தன்கள் இடம் மாறும் வேகம் அந்த இடத்தின் பீ.எச். பெறுமானத்தில் தங்கியிருக்கிறது. ஏமைட்டுக் கூட்டத்தில் ஒட்டியிருக்கும் புரோத்தன், அமிலம் கூடிய இடத்தில் மெதுவாகவும் குறைந்த இடத்தில் வேகமாகவும் இடம் மாறும். வேகத்தை அளந்தால் அமிலத்தை அளந்தது போலத்தான்.

சொல்லும்போது சுலபம். சிக்கல் எங்கே? மண்டபத்தின் சத்தம் குறைந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இடமாற்றம் வேகமாக நடந்திருக்கலாம், அல்லது மூலையில் பத்துக்குப் பதிலாக ஐம்பது பேர் நின்றிருக்கலாம். மூட்டுக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாதே! இதற்குக் கிடைத்த விடையை இரசாயனவியல் படிப்பிக்கும் எங்கள் தோழி மிகவும் இரசிக்கிறாள். அயோபமிடோல் என்று ஒரு பொருள். அயடீன் கொண்டது, எக்ஸ்-கதிர், சீ.ரீ. படங்களுக்கு நெடுங்காலமாக ஊசியில் ஏற்றி வரும் சாதாரண மருந்து. அதன் மூலக்கூறில் இரண்டு வகை ஏமைட்டுப் புரோத்தன்கள் இருக்கின்றன. அதாவது ஒரே மூலையில் இரண்டு சுருதிக் குழுக்கள். பீ.எச். மாறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் மாறுகின்றன. மருந்து கூடினாலும் குறைந்தாலும் இரு குழுக்களுக்கும் அது பொது. ஆகவே ஒன்றை மற்றதால் வகுத்தால் செறிவு வெட்டுப்பட்டுப் போய், பீ.எச். மட்டும் மிஞ்சுகிறது. இத்தாலியின் தூரின் நகர ஆய்வாளர்கள் 2005இல் இந்தப் பழைய மருந்தின் புதிய பயனை வெளிப்படுத்தினார்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் இதே வழியால் புற்றுநோய்க் கட்டிகளின் அமிலத்தன்மையை முதலில் எலிகளிலும் பின்னர் சில நோயாளிகளிலும் அளந்தார்கள். எங்களைப் பொறுத்தவரை அயோபமிடோல் என்பது உடம்புக்குள் ஊற்றக்கூடிய செவ்வரத்தம் பூச்சாறு.

மருந்தே ஏற்றாமல் செய்ய முடியாதா என்ற முயற்சியும் நடக்கிறது. கசியிழையத்துக்கும் முதுகுத் தட்டுக்கும் நீரைப் பிடித்து வைக்கும் சீனிச் சங்கிலிகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றிலுள்ள ஐதரொட்சில் புரோத்தன்களும் நீருடன் இடம் மாறுகின்றன. 2008இல் இந்த வழியால் முழங்கால் கசியிழையத்தைப் படமாக்கிக் காட்டினார்கள். ஆனால் இங்கே பழைய சிக்கல் திரும்பி வருகிறது: தேய்ந்த மூட்டில் சங்கிலிகளும் குறையும், பீ.எச்.உம் மாறும். குறைந்தது எது? லொஸ் ஏஞ்சலிசில் ஓர் ஆய்வுக் குழுவினர் பன்றிகளின் முதுகுத் தட்டுகளில் இதைத் தீர்க்க முயன்றார்கள். தட்டுகளைச் சேதப்படுத்தி, வாரக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அமிலத்தைக் காட்டும் சைகை, அதே தட்டுகளில் கண்ட நோவுடன் தொடர்பான மூலக்கூறுகளுடன் சேர்ந்தே போனது. 2018இல் இது வெளிவந்தது. படத்தில் நோவின் ஒரு நிழலாவது தெரியத் தொடங்கிவிட்டதென்று இந்தக் கட்டுரையை வாசித்தபோது நாங்கள் நினைத்தோம்.

ரீச்சரின் முழங்காலுக்கு இன்று இது உதவுமா? உதவாது. அதை ஒளிக்க விருப்பமில்லை. முழங்கால் கசியிழையத்தின் தடிப்பு இரண்டு மூன்று மில்லிமீற்றர். அதற்குள் இந்த நுண்ணிய சத்தக் குறைவைத் தேடவேண்டும். நோயாளி பல நிமிடங்கள் அசையாமல் கிடக்கவேண்டும். நோகும் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை எங்கள் தோழி நாள்தோறும் பார்க்கிறாள். காந்தப்புலம் சற்றே சீரற்றிருந்தாலும் சுருதி விலகி, கணக்குப் பிழைத்துவிடும். அயோபமிடோல் ஏற்றுவதென்றால் சிறுநீரகத்தையும் ஒவ்வாமையையும் பார்க்கவேண்டும். ஆகவே மூட்டின் பீ.எச். பெறுமானத்தை எழுதிய அறிக்கை எந்த வழமையான எம்.ஆர்.ஐ. உறையிலும் இன்று வராது. யாராவது அப்படி அளந்து தருவதாகச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம். இது இன்னும் ஆய்வுகூடத்து மேசையில் இருக்கும் விடயம்.

‘அமிலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பாதிப்பேர் மனதில் ஓடியது என்னவென்றும் தெரியும். நேற்று இரவுச் சாப்பாட்டில் புளிக்குழம்பை ஒதுக்கிவைத்த அக்காமாரைக் கண்டோம். தேசிக்காயும் புளியும் மூட்டை அமிலமாக்குவதில்லை. எங்கள் குருதியின் பீ.எச். பெறுமானத்தைச் சுவாசப்பையும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் இடையில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன; ஒரு தேசிக்காயால் அதை அசைக்க முடியாது. நாங்கள் பேசிய அமிலம் அந்த மூட்டின் கலங்களே அங்கேயே உண்டாக்குவது. அதே காரணத்தால், போத்தலில் விற்கும் ‘காரத் தண்ணீர்’ குடித்து அதைத் தணிக்கவும் முடியாது. தண்ணீர் முதலில் போய்ச் சேருவது இரைப்பையின் கடும் அமிலத்துக்குள் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். இன்னொன்று: யூரிக் அமிலம் கூடி, மூட்டில் பளிங்காகப் படிந்து வரும் நோய் வேறு. அதைக் குருதிப் பரிசோதனையில் பார்க்கலாம். அதற்கு மருந்தும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் மாத்திரையை வாங்கி விழுங்குபவர்களை இயன்மருத்துவத் தோழி மாதம் ஒருவராவது காண்கிறாளாம்.

ரீச்சருக்கு அவள் சொன்னது எளிய விடயம். கசியிழையத்துக்குக் குருதி வராததால், உணவு உள்ளே போவதற்கும் கழிவு வெளியே வருவதற்கும் மூட்டின் அசைவு உதவுகிறது. நோகிறதென்று கதிரையிலேயே இருந்தால் அந்தப் போக்குவரத்து மந்தமாகும். தொடைத் தசையும் மெலியும். கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டிப் பத்தெண்ணி இறக்கும் பயிற்சியில் தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமை ரீச்சர் எங்களைத் திட்டினார். மூன்றாம் மாதம் தொலைபேசியில் படியிறங்கும் கதையைச் சொன்னார். நோ போகவில்லை, குறைந்திருக்கிறது. இரவு நித்திரை வருகிறதாம்.

வைத்தியரிடம் திரும்பப் போகும்போது நோவை எழுதிக்கொண்டு போகும்படியும் சொன்னோம்: எந்த நேரத்தில், என்ன செய்யும்போது, எத்தனை மணித்தியாலம், காலையில் மூட்டு இறுகியிருப்பது எவ்வளவு நேரம். ரீச்சர் பரிசோதனைப் பதிவேடுபோல நிரல், நிரை கீறி எழுதியிருந்தார். இம்முறை வேறொரு வைத்தியர். அவர் உறையைத் திறக்கமுதல் அந்தத் தாளை வாசித்தார் என்று ரீச்சர் சொன்னபோது குரலில் இருந்த சந்தோசம் எங்களுக்குத் தெரிந்தது.

உரையை எழுதி முடித்ததும் ரீச்சருக்கு வாசித்துக் காட்டினோம். காலைப் பிரார்த்தனை உதாரணத்தில் அவருக்கு ஒரு குறை: அடக்கப்பட்ட பிள்ளை கூட்டத்துக்குள் போய் எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பாள் என்று நீங்கள் சொல்லவில்லையே, அது தெரியாமல் கணக்கு எப்படி வரும் என்று கேட்டார். சரியான கேள்வி. நீரின் புரோத்தன் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைத் தனியாக அளந்துதான் கணக்கில் சேர்க்கிறார்கள். கசியிழையத்தில் அது ஏறக்குறைய ஒரு செக்கன். இடத்துக்கிடம் அது வேறுபடுவதும் இந்த முறையின் தலையிடிகளில் ஒன்று.

உங்கள் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரீச்சர் ஏற்கனவே கையை உயர்த்திவிட்டார். ஒலிவாங்கியை முன்வரிசைக்குக் கொடுங்கள்.